எல்லைப்புற முந்திரி ஆலைகளும் ஊதியச் சட்டமும்

கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டமும் தமிழகத்தின் விளவங்கோடு வட்டமும் சந்திக்கும் பகுதியில் பனச்சமூடு அமைந்துள்ளது. 1956 நவம்பர் 1ஆம் நாளுக்கு முன்னர் இப்பகுதி முழுவதும் திருவிதாங்கூர்-கொச்சி என்ற ஒரே மாநிலத்தில் அடங்கியிருந்தது. மொழிவழியே வகுக்கப்பட்ட எல்லை, நாளடைவில் கூலிக்கும் எல்லையாயிற்று. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், பெரும்பாலான தொழில்களில் ஊதிய விகிதத்தை நிர்ணயிக்கும் பொறுப்பை மாநில அரசுகளிடம் ஒப்படைத்திருந்ததே இதற்குக் காரணம்.

முந்திரித் தொழிலில் இதன் விளைவைத் தெளிவாகக் காணலாம். கொல்லத்தை மையமாகக் கொண்டு வளர்ந்த இத்தொழிலில் உழைப்போருள் பெரும்பாலோர் பெண்கள். கேரளத்தில் ஊதியம் உயர்ந்து தொழிற்சங்கங்களும் வலுப்பெற்றபின், முதலாளிகள் பலர் கொட்டையை லாரியேற்றிக் கன்னியாகுமரி மாவட்டத்திற்கு அனுப்பலாயினர். அங்கு ஆலைகளும் பெருகின. உடைத்தல், தொலி உரித்தல் முதலிய வேலைகளிலோ, ஓட்டிலிருந்து கசிந்து விரல்களைப் பொசுக்கும் எண்ணெயிலோ மாற்றமில்லை. மாறியது கூலியே.

ஆயினும் எல்லை கடந்தவர் சட்டத்தைக் கடந்தவராகார். உடைப்பவருக்கும் உரிப்பவருக்கும் எடைக்கேற்ற கூலி வழங்குவது வழக்கம். துண்டுவேலைக்கெனத் தனி விகிதம் நிர்ணயிக்கப்படாமல், நாள் விகிதம் மட்டும் நிர்ணயிக்கப்பட்டிருப்பின், எடைக்கூலி அதற்குக் குறையலாகாது. எடுத்துக்காட்டாக, நாளுக்குக் குறைந்தபட்ச ஊதியம் 400 ரூபாய், கிலோவுக்குக் கூலி 40 ரூபாய் எனக் கொள்வோம். முழு நாளும் உழைத்து 7 கிலோ உரித்தவர் ஈட்டுவது 280 ரூபாய். எஞ்சிய 120 ரூபாயையும் முதலாளி கொடுத்தாக வேண்டும்.

“கொடுக்கக் கட்டுப்படியாகாது” என்ற வாதம் புதியதன்று. கேரள ஓட்டுத் தொழிற்சாலை உரிமையாளர்கள் தொடுத்த உண்ணிச்சோயி வழக்கில், 1961இல் உச்ச நீதிமன்றம் இதனை ஏற்கவில்லை; குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிக்கையில் முதலாளியின் சக்தியைக் கணக்கில் கொள்ளவேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது.

2025 நவம்பர் 21 முதல் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. மைய அரசு நிர்ணயிக்கும் அடித்தள ஊதியத்திற்குக் கீழே எந்த மாநிலமும் தன் விகிதத்தை வைக்க இயலாது. துண்டுவேலை பற்றிய மேற்கண்ட விதியும் அதில் தொடர்கிறது. ஊதியச் சீட்டு வழங்குவது கட்டாயம். ஊதியம் குறைந்ததாக முறையீடு எழுந்தால், உரியதைக் கொடுத்துவிட்டதாக மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியையே சாரும். ஆகவே பதிவேடு தொழிலாளிக்கு மட்டுமன்றி, நேர்மையான முதலாளிக்கும் அரண்.

வருங்கால வைப்பு நிதிக்கு 20 பேர் என்பது வரம்பு. அதற்குள் அடங்குமாறு பெயர்களைக் குறைத்தெழுதும் ஆலையில் இழப்பு பெண்களுக்கே. பல்லாண்டு உழைத்து ஓய்வுபெறும் நாளில் அவர்கள் கையில் எதுவும் மிஞ்சாது. ஆய்வுக்குச் செல்லும் அலுவலர் ஊதியப் பதிவேட்டுடன் எடைப் புத்தகத்தையும் கேட்டு வாங்குதல் நலம். முன்னதில் எத்தனை பெயர் விடுபட்டிருப்பினும், தம் சரக்கைக் காக்க முதலாளியே எழுதிவைக்கும் பின்னதில், எவரெவர் எத்தனை கிலோ உரித்தனர் என்பது பெரும்பாலும் சரியாகவே பதிவாகியிருக்கும்.