வேளாண்மையும் வெள்ளாமையும்: ஒரு சொற்பொருள் ஆய்வு

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்பை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த ஊர் மகாராஜபுரம். இவ்வூர் தொடங்கித் திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வரையிலான பகுதியில் உழவர் நாவில் பெருவழக்காகப் பயிலும் சொல் 'வெள்ளாமை'. எழுத்து வழக்கில் இது 'வேளாண்மை' என்பதன் கொச்சை எனக் கருதப்பட்டு விலக்கப்படுகிறது. இச்சொல்லின் வடிவத் தொன்மையையும் பொருள் வளர்ச்சியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

இலக்கியச் சான்று

திருக்குறளில் 'வேளாண்மை' 81, 212, 613, 614 ஆகிய குறட்பாக்களில் வருகிறது. நான்கிடத்தும் பிறர்க்கு உதவுதல் என்பதே பொருள். பரிமேலழகர் 'உபகாரம்' என்று உரை கொள்கிறார். உழவைப் போற்றும் 104ஆம் அதிகாரத்தில் இச்சொல் இடம்பெறவில்லை என்பது கருதத்தக்கது. விருப்பப் பொருள் தரும் 'வேள்' என்னும் அடியிலிருந்து விரும்பிப் பேணுதல், உதவுதல் எனப் பொருள் விரிந்தது எனலாம். தொல்காப்பிய மரபியல் வேளாண் மாந்தர்க்கு உழவை வாழ்வாகக் கூறுகிறது. எனவே, உதவுவோரைக் குறித்த பெயர் உழுவோர்க்கும், அவர்வழி அவர்தம் தொழிலுக்கும் ஆகிவந்ததாகக் கொள்ள இடமுண்டு.

வடிவ மாற்றம்

'வெள்ளத்தை ஆளும் தன்மை' என்பதே வெள்ளாமை ஆயிற்று என்பாரும் உளர். ஆனால் ஆற்றுவெள்ளமோ கால்வாயோ எட்டாத கரிசல் நிலத்தில் மழையை மட்டும் நம்பி விளையும் பருத்தியும் கம்பும் சோளமும் 'மானாவாரி வெள்ளாமை' என்றே வழங்கப்படுகின்றன. நெடில் குறுகி ஒற்று இரட்டித்த மாற்றத்தை வேளாளர், வெள்ளாளர் என்னும் இணைவடிவங்களிலும் காணலாம். முதலாம் இராசராசன் (985-1014) காலத் தஞ்சைக் கல்வெட்டுகள் உழவர் நிலவுரிமை பெற்ற ஊர்களை 'வெள்ளான்வகை' என்கின்றன. ஆகவே குறில் வடிவம் ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது. அண்மைக்காலச் சிதைவு அன்று. கல்லாமை, இல்லாமை போல இஃது எதிர்மறைச் சொல்லும் அன்று.

வட்டார வழக்கில் பொருள்

பேச்சு வழக்கில் இச்சொல் மூன்று பொருள்களில் பயில்கிறது.

1. தொழில்: "ரெண்டு ஏக்கர்ல வெள்ளாமை வச்சிருக்கேன்."
2. நிலத்தில் நிற்கும் பயிர்: "வெள்ளாமைக்குள்ள மாடு விழுந்துருச்சு."
3. விளைச்சல்: "வெள்ளாமை வீடு வந்து சேரணும்."

முதல் தொடரில் மட்டுமே 'வேளாண்மை' என்பதைப் பெய்து படிக்க இயலும். மாடு வேளாண்மைக்குள் விழுவதில்லை. வேளாண்மை வீடு வந்து சேர்வதுமில்லை. தொழிற்பெயர் அத்தொழிலால் விளையும் பொருளுக்கு ஆகிவரும் தொழிலாகுபெயர் நெறியில் இவ்விரு பொருள்களும் கிளைத்துள்ளன.

முடிவுரை

உதவி, உழவுத்தொழில், பயிர், விளைச்சல் எனப் பொருள் படிப்படியாகப் பருப்பொருள் நோக்கி நகர்ந்துள்ளது. இப்படிநிலையின் இறுதி இரண்டும் 'வெள்ளாமை' வடிவத்திலேயே வாழ்கின்றன. வாய்மொழி வழக்காறுகளைப் பதிப்பிப்போர் இதனை 'வேளாண்மை' எனத் திருத்தினால், மலையடிவார உழவர் தம் பயிரின் அழிவைப் பற்றிக் கூறும் கூற்று தொழிலின் அழிவைப் பற்றிய கூற்றாகப் பொருள் திரியும். ஆதலின் வட்டார அகராதிகளில் 'வெள்ளாமை' தனித் தலைச்சொல்லாக, பொருள் வேறுபாடுகளுடன் பதிவு பெறுதல் வேண்டும்.