நாற்பத்து நான்கு வயதில் தெரியவந்த ஓட்டை

கேள்வி: டொக்டர், எனக்கு வயது 44. பாடசாலையில் படிப்பிக்கிறேன். இரண்டு பிள்ளைகள், இரண்டும் சுகப்பிரசவம். பல வருடமாக இளைப்பு. தொய்வு என்று சொல்லி இன்ஹேலர் தந்தார்கள். அது பெரிதாகக் கேட்கவில்லை. போன வருடம் கதிர்காமத்தில் ஏழுமலை ஏறும்போது பாதி வழியில் இருந்துவிட்டேன், நெஞ்சு அப்படிப் படபடத்தது. திரும்பி வந்து பெரியாஸ்பத்திரியில் எக்கோ எடுத்தபோது, மேலறைகளுக்கு நடுவில் 18 மில்லிமீற்றர் ஓட்டை, பிறந்ததிலிருந்தே இருக்கிறது, இதயத்தின் வலப்பக்கம் பெருத்திருக்கிறது, அடைக்க வேண்டும் என்கிறார்கள். இவ்வளவு காலம் ஒன்றும் செய்யாததை இப்போது ஏன் தொடுவான் என்று கேட்கிறார் கணவர். கனடாவில் இருக்கும் அண்ணா, சென்னைக்குப் போ, காசு அனுப்புகிறேன் என்கிறார். தான் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது கிரகணத்தில் வெளியே போனதால் வந்தது என்று அம்மா அழுகிறா. நல்லூரில் அடி அழிக்க நேர்த்தியும் இருக்கிறது. மூத்த மகளுக்குப் பேச்சுக்கால் நடப்பதால், இது வெளியில் தெரியக்கூடாது என்று வீட்டில் எல்லாருக்கும் பயம். என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், வடமராட்சி

பதில்: சகோதரி, கணவரின் கேள்வியை முதலில் எடுக்கிறேன். மற்றவற்றையெல்லாம் விட அதுதான் உங்களைத் தடுத்து வைத்திருக்கிறது.

அந்த ஓட்டை இவ்வளவு காலமும் சும்மா இருக்கவில்லை. சுவாசப்பையில் ஒட்சிசன் ஏற்றிக்கொண்ட குருதி இடது மேலறைக்கு, அதாவது சோணையறைக்கு, வருகிறது. அங்கிருந்து கீழே இறங்கி உடம்புக்குப் போக வேண்டியது. நடுச்சுவரில் ஓட்டை இருந்தால், அதில் ஒரு பங்கு வலப்பக்கம் சாய்ந்துவிடும். வலது கீழறையான இதயவறையின் சுவர் மெல்லியது, இலகுவில் விரிந்து கொடுக்கும். தோட்டத்துக்குத் தண்ணீர் மாறும்போது தாழ்ந்த பாத்திக்கு முதலில் பாய்வதைப் போலத்தான் இதுவும். அப்படிச் சாய்ந்த குருதி உடம்பைப் பார்க்காமலே மறுபடி சுவாசப்பைக்குப் போய் வருகிறது. வலப்பக்கம் நாற்பது வருடம் இரட்டை வேலை செய்திருக்கிறது. எக்கோவில் கண்ட பெருப்பு அந்த வேலையின் கணக்கு.

வயது போகப் போக இடது இதயவறை இறுகும், பிறஷரும் ஏறும். ஓட்டை அதே அளவில் இருந்தாலும் அதனூடாகப் பாயும் குருதி கூடும். அதனால்தான் இருபதில் பேசாமல் இருந்தது நாற்பதில் இளைப்பாகவும் படபடப்பாகவும் வெளியே வருகிறது.

ஏன் முன்னரே பிடிபடவில்லை? பலர் இதற்கு யுத்தத்தைச் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. 1990இல் உங்களுக்குப் பத்து வயதுகூட இராது. அதன் பிறகு மின்சாரம் இல்லை, பாதை இல்லை, மருந்துக்கும் தடை. கொழும்புக்குப் போவதென்றால் இரவில் கிளாலிக் கடலால் வள்ளத்தில். 1995 ஒக்டோபரில் வலிகாமமே இடம்பெயர்ந்தது. ஓடி விளையாடும் பிள்ளையின் இதயத்தை ஸ்கான் பண்ண வேண்டும் என்று அந்த நாட்களில் யாருக்கும் தோன்றியிராது. ஆனாலும் பழி முழுவதையும் யுத்தத்தின் தலையில் போடமாட்டேன். எல்லா வசதியும் உள்ள நாடுகளிலும் பெரியவர்களிடம் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பிறவி இதயக் குறைபாடுகளில் இந்த ஓட்டை முன்வரிசையில் நிற்கிறது. ஆண்களை விடப் பெண்களிடம் ஏறக்குறைய இரு மடங்கு.

காரணம், இது சத்தம் போடாத ஓட்டை. கீழறைச் சுவரில் இருந்தால் குருதி வேகமாகப் பீறிடும், ஸ்டெதஸ்கோப்பை வைத்ததும் கேட்கும். மேலறைகளுக்கிடையில் அமுக்க வித்தியாசம் மிகக் குறைவு. ஓட்டையிலிருந்து ஓசையே வராது. சுவாசப்பைக்குப் போகும் வால்வைக் கடக்கும் மேலதிகக் குருதிதான் மெல்லிய இரைச்சல் எழுப்பும். கர்ப்பிணிகளுக்கு அப்படியொரு இரைச்சல் சாதாரணமாகவே கேட்கும் என்பதால் கிளினிக்கிலும் அது தப்பிவிடும். இன்னொரு அடையாளம், இதயத்தின் இரண்டாவது ஒலி இரண்டாகப் பிரிந்து, மூச்சை இழுத்தாலும் விட்டாலும் அதே இடைவெளியில் நிற்பது. நூறு பேர் வரிசையில் நிற்கும் வெளிநோயாளர் பிரிவில் அதைக் கேட்டுப் பிடிப்பது சுலபமல்ல.

எங்கள் மண்ணுக்கும் இதில் ஒரு பங்கு உண்டென்பது என் எண்ணம். குடாநாட்டில் ஏறுவதற்கு மேடு ஏது? பருத்தித்துறையிலிருந்து காரைநகர் வரை சமதரை. சோளகக் காற்றுக்கு எதிரே சைக்கிள் மிதித்தால் எல்லாருக்கும்தான் இளைக்கும், யார் அதைக் கவனிப்பது? கண்டியில் பிறந்திருந்தால் உங்களுக்கு முன்னரே தெரிந்திருக்கலாம்.

அடைக்க வேண்டுமா? நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் ஆம். ஓட்டையின் அளவை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்லை. வலப்பக்கம் பெருத்திருக்கிறதா, சுவாசப்பைக்குப் போகும் குருதி உடம்புக்குப் போவதைவிட ஒன்றரை மடங்காவது இருக்கிறதா, சுவாசப்பைக் குழாய்களின் அமுக்கம் எவ்வளவு என்ற மூன்றையும் பார்ப்பார்கள். மூன்றாவதுதான் முக்கியம். அமுக்கம் அளவுக்கு மீறிக் கூடிவிட்டால் குருதி திசைமாறி வலமிருந்து இடம் பாயத் தொடங்கும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். ஐசன்மெங்கர் நிலை என்று அதற்குப் பெயர். அந்தக் கட்டத்தில் ஓட்டையை அடைப்பது ஆபத்து, கர்ப்பம் அதைவிட ஆபத்து. அடைக்கச் சொல்கிறார்கள் என்றால் நீங்கள் அந்தக் கட்டத்தில் இல்லை என்றே நினைக்கிறேன். ஆனாலும் அமுக்கம் எவ்வளவு என்று கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

வயது பிந்திவிட்டதா என்றால், அதற்கு இரு ஆய்வுகள் பதில் சொல்கின்றன. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1956க்கும் 1960க்கும் இடையில் இந்தச் சத்திரசிகிச்சை செய்த 123 பேரை முப்பது ஆண்டளவு பின்தொடர்ந்து 1990இல் எழுதினார்கள். 25 வயதுக்கு முன் செய்தவர்களின் ஆயுள் மற்றவர்களுடையதைப் போலவே இருந்தது. நாற்பது கடந்து செய்தவர்களுக்கு அவ்வளவு நல்ல பலன் இல்லை. அத்தோடு விட்டிருந்தால் உங்கள் கணவர் சொல்வது சரியாகிவிடும். ஆனால் 2001இல் மெக்சிக்கோவில் நாற்பது கடந்த 521 பேரை, அடைத்தவர்கள், மருந்தோடு விட்டவர்கள் என இரு பிரிவாக்கிப் பார்த்தபோது, அடைத்தவர்களே நன்றாக இருந்தார்கள். பிந்தி அடைத்தால் முழுப் பலனும் வராது, அடைக்காவிட்டால் இருப்பதும் குறையும். அடைத்த பிறகும் படபடப்பு இடைக்கிடை வரலாம் என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

எப்படி அடைப்பார்கள்? 1953 மே 6ஆம் திகதி பிலடெல்பியாவில் சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் கிப்பன், இதயத்தின் வேலையையும் சுவாசப்பையின் வேலையையும் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு 18 வயதுப் பெண்ணொருவருக்குத் தைத்து மூடியதும் இதே ஓட்டைதான். இன்று உங்களைப் போன்ற பலருக்கு நெஞ்சைத் திறக்கத் தேவையில்லை. தொடையிடுக்கு நாளத்தால் மெல்லிய குழாயைச் செலுத்தி, நிக்கலும் டைட்டேனியமும் கலந்த கம்பி வலையிலான இரட்டைத் தட்டைக் கொண்டுபோய், சுவரின் இரு பக்கமும் விரித்து விடுவார்கள். சில மாதங்களில் அதன் மேல் உடம்பின் இழையம் படர்ந்துவிடும். தட்டு பிடித்து நிற்க ஓட்டையைச் சுற்றி விளிம்பு வேண்டும். அதை உறுதிசெய்ய உணவுக்குழாய் வழியாக இன்னொரு எக்கோ எடுப்பார்கள். விளிம்பு போதாவிட்டால், அல்லது ஓட்டை மேல்நாளத்தின் வாயோடு ஒட்டியிருந்தால், சத்திரசிகிச்சைதான். கவரிங் நகைக்குத் தோல் கடிக்கும் என்றால் நிக்கல் ஒவ்வாமை இருக்கலாம், முன்கூட்டிச் சொல்லுங்கள். தட்டு வைத்த பின் ஆறு மாதம் அஸ்பிரின் எடுக்க வேண்டிவரும். அந்த ஆறு மாதத்துக்குள் பல் பிடுங்குவதென்றால் பல் வைத்தியரிடம் விஷயத்தைச் சொல்லி, முதலில் அன்ரிபயோட்டிக் எடுக்க வேண்டும்.

அண்ணாவின் அன்பு புரிகிறது. ஆனால் இதற்காகச் சென்னைக்கு ஓடத் தேவையில்லை. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இது செய்யப்படுகிறது. யாழ்ப்பாண இருதய கிளினிக்கில் கடிதம் எடுத்துக்கொண்டு போகலாம். செலவு ஏதும் வந்தால் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிபற்றிப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். அண்ணாவைப் பார்க்கக் கனடா போவதென்றால் அடைத்த பிறகு போங்கள். நீண்ட பயணத்தில் காலில் கட்டும் இரத்தக்கட்டி, ஓட்டை வழியாக மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரச் செய்யக்கூடும்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: இந்தச் சுவர் கருவின் முதல் இரண்டு மாதத்துக்குள் உருவாகிறது. வயிற்றில் பிள்ளை என்று தெரியவருமுன்னரே பாதி வேலை முடிந்துவிடும். கிரகணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நேர்த்திக்கும் அவசரமில்லை. கொடியேறி இருபத்தைந்து நாள், ஆவணி வெயில், அந்தச் சனம். இந்த வருடம் வெளிவீதியில் நின்று கும்பிடுங்கள். அடுத்த வருடம் வைத்தியர் சம்மதித்தால் அடி அழிக்கலாம்.

மகளின் விஷயத்தில் உங்கள் வீட்டாரோடு நான் உடன்படமாட்டேன். ஆயிரம் குழந்தைகளில் எட்டு ஒன்பது பேர் ஏதோவொரு இதயக் குறைபாட்டோடு பிறக்கிறார்கள். தாய்க்கு இருந்தால் அது நூற்றில் நாலைந்து ஆகலாம். அதாவது மகளுக்கு இல்லாமலிருக்கவே வாய்ப்பு மிக அதிகம். ஒரு எக்கோ எடுத்துவிட்டால் மாப்பிள்ளை வீட்டாரிடம் நிமிர்ந்து பேசலாம். இருந்தாலும், இருபது வயதில் தெரிவது உங்களுக்குக் கிடைக்காத அதிர்ஷ்டம். இலங்கையில் தாய்மாரின் உயிரைப் பறிக்கும் காரணங்களில் இதயநோய் முன்னணியில் இருக்கிறது. அவளின் முதல் பிள்ளைப்பேற்றின்போது தெரியவருவதைவிட இப்போதே தெரிவது நல்லது. அடுத்த தவணைக்குப் போகும்போது இளையவரையும் சேர்த்து இருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.