வால்வின் ஆயுள்: ஸ்விட்ச் போட்ட முதல் பத்து நொடி

கம்ப்யூட்டர் பாட்டை வால்வ் ஆம்ப்ளிஃபையரில் கேட்கும் ஆசை பலருக்கும் உண்டு. 2002-ல் ஏஓபன் நிறுவனம் மதர்போர்டிலேயே வால்வ் பொருத்தி வெளியிட்டது. சாஃப்ட்வேர் எழுதுவது என் வேலை. வால்வ் சர்க்யூட் என் பொழுதுபோக்கு. புது வால்வ் சீக்கிரம் பழுதாவது ஏன் என்று நண்பர்கள் கேட்கும்போது, நான் முதலில் பார்ப்பது டைரக்ட் கப்ளிங் இருக்கிறதா என்பதைத்தான்.

டைரக்ட் கப்ளிங் என்றால் என்ன?

வழக்கமாக இரண்டு வால்வுகளுக்கு நடுவே ஒரு கப்பாசிட்டர் இருக்கும். அது டிசி வோல்ட்டேஜைத் தடுத்து, ஒலி சிக்னலை மட்டும் விடும். இந்தக் கப்பாசிட்டரை எடுத்துவிட்டு நேரடியாக இணைப்பதே டைரக்ட் கப்ளிங். 1930 வாக்கில் அமெரிக்காவில் லாஃப்டின், ஒயிட் என்ற இருவர் இதைப் பிரபலமாக்கினார்கள். இதில் முதல் வால்வின் பிளேட் வோல்ட்டேஜ் அப்படியே அடுத்ததன் கிரிட்டுக்குப் போய்விடும்.

ஒரு கணக்கு

12ஏஎக்ஸ்7 வால்வுக்குள் இரண்டு டிரையோடுகள் உண்டு. சப்ளை 300 வோல்ட், முதல் பிளேட்டில் 170 வோல்ட் என்று கொள்வோம். இரண்டாவது டிரையோடு கேத்தோடு ஃபாலோயர் என்றால், அதன் கேத்தோடும் சுமார் 170 வோல்ட்டில் நிற்கும். ஹீட்டர் கிரவுண்டில் இருந்தால் இரண்டுக்கும் இடையே 170 வோல்ட் வித்தியாசம். டேட்டாஷீட் அனுமதிப்பதோ 180 வோல்ட்தான்! இன்சுலேஷன் கெட்டு, முதலில் 'ஹம்' சத்தம் வரும். பிறகு வால்வே போகும்.

இதற்குத் தீர்வு எளிது. ஹீட்டர் வைண்டிங்கின் நடு முனையைக் கிரவுண்டில் இணைக்காமல், இரண்டு ரெசிஸ்டர்கள் மூலம் 60 வோல்ட்டுக்கு உயர்த்துங்கள். வித்தியாசம் 110 ஆகக் குறையும்.

முதல் பத்து நொடி

சிலிக்கான் டயோடு சப்ளை, ஸ்விட்ச் போட்டதும் 300 வோல்ட் தந்துவிடும். ஹீட்டர் சூடாகவோ பத்து நொடிக்கு மேல் ஆகும். அதுவரை முதல் டிரையோடில் கரன்ட் ஓடாது. எனவே இரண்டாவது கிரிட்டில் முழு 300 வோல்ட், அதன் கேத்தோடில் பூஜ்யம். நடுவே தீப்பொறி பறந்தால் கேத்தோடு பூச்சு கெடும். வேலை செய்யும்போது எடுத்த அளவுகளில் இது தெரியாது.

கிரிட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே ஒரு சிறு நியான் பல்பு போடுங்கள். 90 வோல்ட்டை நெருங்கும்போதே அது எரிந்து, வால்வைக் காக்கும். வால்வ் சூடானதும் தானே அணைந்துவிடும். டைமர் ரிலே வைத்து சப்ளையை 30 நொடி தாமதிப்பது இன்னொரு வழி.

ஹீட்டரையும் அளந்து பாருங்கள். 220 வோல்ட்டுக்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரை நம் 230 வோல்ட்டில் போட்டால், 6.3 வோல்ட் 6.6 ஆகும். 10 சதவீதம் வரை பொறுக்கும். அதற்கு மேல் ஆயுள் குறையும்.

1946-ல் அறிமுகமான எனியாக் கம்ப்யூட்டரில் சுமார் 18,000 வால்வுகள். அவை சூடாகும்போதும் ஆறும்போதும்தான் அதிகம் பழுதாயின. அதனால் அதை அணைக்காமலேயே ஓட்டினார்கள். நம் வீட்டில் அது முடியாது. மேலே சொன்ன பாதுகாப்புதான் வழி.

எச்சரிக்கை: ஸ்விட்சை அணைத்து, பிளக்கை எடுத்த பின்னும் கப்பாசிட்டர்களில் 300 வோல்ட் இருக்கலாம், உயிருக்கே ஆபத்து. ரெசிஸ்டர் மூலம் டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே உள்ளே கை வையுங்கள்.