எந்த இரும்பு, கண்ணு?

அன்புள்ள கண்ணு,

அன்னூர்த் தோட்டத்தில் போர் மோட்டாரை மேலே ஏற்றிப் பிரித்தபோது உள்ளே தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் எல்லாம் பிளாஸ்டிக்காக இருந்ததைப் பார்த்து, "ஏமாத்திப் போட்டானுங்க" என்று அப்பா கோபப்பட்டதாக எழுதியிருந்தாய். "இரும்பு போட்டிருந்தால் ஆயுசுக்கும் நின்றிருக்கும்தானே சார்?" என்று நீயும் கேட்டிருக்கிறாய். அப்பா கேட்கலாம். டிப்ளமோ இரண்டாம் வருஷம் படிக்கிற நீ கேட்டதுதான் எனக்கு உறுத்துகிறது.

எந்த இரும்பைச் சொல்கிறாய்? இரும்பு என்று ஒரே பொருள் கிடையாது. ஒர்க்‌ஷாப்பில் உருக்கைக் கடைந்தால் சுருள் சுருளாக வரும். கணபதி பவுண்டரியில் ஊற்றிய சாம்பல் வார்ப்பிரும்பைக் கடைந்து பார். பொடிப்பொடியாக உதிரும், விரலெல்லாம் கருப்பு அப்பிக்கொள்ளும். உன் பென்சிலில் இருக்கிற அதே கிராஃபைட்தான் அது. நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் இருக்கும் கரி, வார்ப்பு ஆறும்போது இரும்புக்குள்ளே செதில் செதிலாகப் பிரிந்து நிற்கிறது. இழுத்தால் ஒவ்வொரு செதிலின் முனையும் ஒரு விரிசல் மாதிரி. அதனால் இழுவிசைக்கு அது ஆகாது. அமுக்கினால் அதைப் போல மூன்று, நான்கு மடங்கு தாங்கும். அதிர்வையும் அந்தச் செதில்களே விழுங்கிவிடும். உருக்குக் கம்பியைத் தட்டினால் கணீரென்கும், வார்ப்பிரும்பு சத்தமில்லாமல் அடங்கிவிடும். லேத் படுகையை அதில் வார்ப்பது விலை குறைவு என்பதற்காக மட்டுமல்ல. 1940களில் உருகிய இரும்பில் துளி மக்னீசியம் சேர்த்து அந்தச் செதிலை உருண்டையாக்கினார்கள். கரி அதே அளவுதான், வடிவம் மட்டுமே மாறியது. கிராங்க் ஷாஃப்ட் வார்க்கிற அளவுக்குத் தாக்குப்பிடிக்கும் இரும்பு கிடைத்தது.

இரும்பில் கரி என்றாலே எனக்குக் கொடுமணல் ஞாபகம் வந்துவிடும். நொய்யல் வடகரையில் 1985-இல் தொடங்கிய அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்தன. நம் நாட்டிலிருந்து போன ஊட்ஸ் உருக்கை 1819-இல் மைக்கேல் ஃபாரடே ஆராய்ந்தார் என்று படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த உருக்கில் கரி ஒன்றரை சதவீதம் அளவுக்குத்தான். வார்ப்பிரும்பில் இருப்பதில் பாதி! அதைத்தான் உலகம் வாளாக அடித்தது. இதையெல்லாம் வகுப்பில் யாரும் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

சரி, போருக்கு வருவோம். உப்புத் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் வார்ப்பிரும்பில் கிராஃபைட்டும் இரும்பும் சேர்ந்து ஒரு பேட்டரியாகிவிடும். இரும்பு கரைந்து போகும், கிராஃபைட் மட்டும் நிற்கும். வெளியே பார்த்தால் உருவம் மாறாது. அப்படிப்பட்ட ஒரு பழைய வால்வைப் பேனாக்கத்தியால் நானே சீவியிருக்கிறேன். லேத்துக்கு வரமான அதே செதில் தண்ணீருக்குள் சாபம்.

உங்கள் இம்பெல்லர் பெரும்பாலும் நோரில் என்கிற பிளாஸ்டிக்காக இருக்கும். உப்புத் தண்ணீர் அதை அரிக்காது. எடையும் இரும்பில் ஆறில் ஒரு பங்குதான். மணல் அச்சில் வார்த்த சொரசொரப்பு இல்லாததால் தண்ணீர் தடையில்லாமல் ஓடும். சூடுதான் அதற்கு எமன். போர் வற்றியது தெரியாமல் மோட்டார் ஓடினால், உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீர் கொதித்து இம்பெல்லர் இளகிவிடும். அதனால்தான் டிரை ரன் கட்-ஆஃப் போடச் சொல்கிறோம்.

அப்பாவிடம் இதையும் சொல். தண்ணீர் நிரப்பிய சப்மெர்சிபிள் மோட்டாரில் செம்புச் சுருள் தண்ணீருக்குள்ளேயே கிடக்கிறது. 415 வோல்ட்டையும் தண்ணீரையும் பிரித்து நிறுத்துவது கம்பிமேல் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறைதான். அந்த இடத்தில் எந்த உலோகத்தை வைப்பாய்?

இம்பெல்லரைத் தூக்கிப் போட்டுவிடாதே. ஓரம் தேய்ந்து மெலிந்திருந்தால் மணல் தின்றிருக்கிறது. நெளிந்து இளகியிருந்தால் தண்ணீரில்லாமல் ஓட்டியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு வா, அப்பாவையும் கூட்டி வா.

அன்புடன்,
உன் வாத்தியார்