மலைக்கள்ளனை வகுப்பில் பேசுவது எப்படி?

சட்டத்துக்கு வெளியே நிற்கும் ஒருவன், அவனைத் தேடும் காவலர்கள், அவனை நம்பும் ஏழைகள், அவனை விரும்பும் ஒரு பெண். அமெரிக்க மேற்கத்தியப் படங்களில் இந்தக் கதை பலமுறை வந்திருக்கிறது. தமிழிலும் ஜெய்சங்கரின் ‘கங்கா’ (1972) போன்ற குதிரை, துப்பாக்கிப் படங்கள் ஓடின. அவற்றுக்கு முன்பே அந்தக் கதையை நம் மலைகளில் நடக்கவிட்ட படம், எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த ‘மலைக்கள்ளன்’ (1954).

இப்படம் எங்கள் முசிறி வட்டார மாணவர்களுக்கு மிக அருகில் உள்ளது. மூல நாவலை எழுதியவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம். அவர் பிறந்த மோகனூர், முசிறியிலிருந்து காவிரிக் கரையோடு மேற்கே போனால் தொட்டியம், காட்டுப்புத்தூரைத் தாண்டி வரும். திரைக்கதை, வசனம் எழுதிய மு. கருணாநிதி, 1957இல் முதன்முதலாகச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது ஆற்றுக்கு அக்கரையிலுள்ள குளித்தலையிலிருந்து. படத்துக்குக் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. இந்தி, தெலுங்கு உட்படப் பல மொழிகளிலும் இக்கதை படமானது.

வகுப்பில் நடந்தது

ஒன்பதாம் வகுப்பில் நாவலின் கதையைச் சொல்லி, படத்தின் சில காட்சிகளையும் காட்டினேன். பிறகு ஒரு காட்சியை நாடகமாக நடிக்கலாம் என்றேன். “யார் மலைக்கள்ளன்?” என்று கேட்டதும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், ஒரு மாணவனின் பெயரைச் சொல்லி, “அவனுக்கு வேஷமே வேணாம் சார்” என்றது. வகுப்பு சிரித்தது. அந்த மாணவன் சீர்மரபினர் சமூகத்தைச் சேர்ந்தவன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். “சத்தம் போடாதீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

தவறு என்னுடையது. கதைக்குத் தயாராக வந்த நான், அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்த வரலாற்றுக்குத் தயாராக வரவில்லை.

சொல்லுக்குப் பின்னால்

ஆங்கிலேய அரசு 1871இல் குற்றப் பழங்குடியினர் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தனி ஒருவர் செய்த குற்றத்தைப் பார்க்காமல், ஒரு சமூகம் முழுவதையும் குற்றவாளிகளாக அறிவிக்க இச்சட்டம் இடம்கொடுத்தது. கைரேகை பதிவு செய்யப்பட்டது. வெளியூர் செல்லவும் கட்டுப்பாடு இருந்தது. சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் சட்டம் நீக்கப்பட்டது. ‘சீர்மரபினர்’ என்ற பெயர் இந்த வரலாற்றிலிருந்து வந்தது. மக்கள் மலைக்கள்ளனுக்குக் கைதட்டிய 1954இல், நம் மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்கி ஏழே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

மறுவகுப்பு

அடுத்த வகுப்பில், எவர் பெயரையும் எடுக்காமல், கரும்பலகையில் இரண்டு பத்திகள் பிரித்தேன். ஒன்று ‘கதையின் கள்ளன்’, மற்றொன்று ‘சட்டம் சொன்ன குற்றவாளி’. மூன்று வினாக்கள் கேட்டேன்.

1. அந்தப் பெயர் எதனால் வந்தது? கதையில் செயலால். சட்டத்தில் பிறப்பால்.

2. அதைக் கழற்ற முடியுமா? கதையில் மாறுவேடத்தைக் கலைத்தால் போதும், நாயகனுக்கு வேறு பெயரும் நல்ல குடும்பமும் உண்டு. சட்டத்தில் கழற்ற முடியாது.

3. காவலர் தேடுவது யாரை? கதையில் ஒருவனை. சட்டத்தில் ஊரையே.

“தப்பே செய்யாத குழந்தையும் அதுல வருமா சார்?” என்று ஒரு மாணவி கேட்டாள். வரும் என்றேன். வகுப்பு அமைதியானது. யாரையும் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. கேட்கச் சொல்லியிருந்தால் அந்த மாணவனை மீண்டும் எல்லோர் முன்னும் நிறுத்தியதாகியிருக்கும்.

பிறகு கதாநாயகி பூங்கோதையைப் பற்றிப் பேசினோம். கள்ளன் என்ற பெயருக்கு அஞ்சியவள், அவன் தன்னைக் காத்த செயலைக் கண்டு நம்புகிறாள். படத்தின் காதல் அங்கேதான் தொடங்குகிறது. பெயரை விட்டுச் செயலைப் பார்ப்பது என்ற கருத்தை மாணவர்கள் பூங்கோதையிடமிருந்தே எடுத்துக்கொண்டார்கள்.

நீங்களும் செய்து பார்க்கலாம்

தொடக்க வகுப்புகளில்: ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் சீட்டு விளையாட்டை விளையாட விடுங்கள். முடிந்ததும், “சீட்டில் திருடன் என்று வந்ததால் நீ திருடனா?” என்று எல்லோரிடமும் பொதுவாகக் கேளுங்கள். அடுத்த ஆட்டத்தில் சீட்டு மாறும். மாறாமலே இருந்தால் எப்படி இருக்கும் என்று பேசவிடுங்கள்.

உயர்நிலை வகுப்புகளில்: பழைய மேற்கத்தியப் படங்கள் பலவற்றில் அமெரிக்கப் பழங்குடி மக்கள் ஒட்டுமொத்தமாக எதிரிகளாகக் காட்டப்பட்டதைச் சொல்லுங்கள். மாணவர்கள் பார்த்த ஏதேனும் ஒரு படத்தில், ஒரு முழு ஊரையோ கூட்டத்தையோ கெட்டவர்களாகக் காட்டிய காட்சியைக் கண்டறிந்து, அந்த ஊர்ச் சிறுவன் ஒருவன் சொல்வதுபோல் பத்து வரி எழுதச் செய்யுங்கள்.

நாடகமாக நடிக்கும்போது: வேடங்களைச் சீட்டுக் குலுக்கிக் கொடுங்கள். யார் எந்த வேடத்துக்குப் ‘பொருத்தம்’ என்று வகுப்பைக் கேட்காதீர்கள். நான் செய்த பிழை அதுதான்.

எங்கள் வகுப்பில் நாடகம் இரண்டு வாரம் கழித்து நடந்தது. குலுக்கலில் மலைக்கள்ளன் வேடம் ஒரு மாணவிக்கு விழுந்தது. அன்று தலைகுனிந்திருந்த மாணவனுக்குக் காவல் ஆய்வாளர் வேடம். வசனத்தை மனப்பாடம் செய்து, ஒரு சொல் பிசகாமல் சொன்னான்.