பழைய அரிசியும் பழைய கண்டன்சரும்

பழைய அரிசிக்குப் புது அரிசியைவிட விலை கூடுதல். ஆனால் அதே கிடங்கில் அதே காலம் கிடந்த கடலை எண்ணெய் காறிப்போகிறது. கடலை மாவில் வண்டு விழுகிறது. காலம் ஒன்றுதான், சரக்கின் தன்மைதான் வேறு. இதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் பிற தொழில்களில் இவ்விஷயம் எப்படி நடக்கிறது என்று அறிவது நல்லது. ஆகவே இம்முறை நம் கடைகளில் இல்லாத ஒரு சரக்கை எடுத்துக்கொள்வோம். கித்தார் வாசிப்போரின் வால்வு ஆம்ப்ளிபயரில் பழைய கண்டன்சர்களைத் தேடிப் போடும் வழக்கமே அது.

இத்தொழிலை வளர்த்தவர்களில் இருவர் நம்மைப் போன்ற கடைக்காரர்கள். லியோ பெண்டர் 1938-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், புல்லர்டன் ஊரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்தவர். ஜிம் மார்ஷல் 1960-இல் லண்டன் ஹான்வெல் பகுதியில் டிரம் வாத்தியக் கடை திறந்தவர். அங்கு வந்த இளைஞர்கள் கேட்ட ஒலியைத் தரும் அமெரிக்கப் பெட்டிகள் விலை அதிகம். எனவே பெண்டரின் 'பாஸ்மேன்' பெட்டியை அடியொற்றி, தம் ஆட்களைக் கொண்டு 1962-இல் சொந்தமாகச் செய்யத் தொடங்கினார். வாடிக்கையாளர் கேட்டதைக் காதில் வாங்கியதால் பிறந்த தொழில்!

அக்காலத்துப் பெட்டிகளுக்கு இன்று பெரும் விலை. அந்த ஒலி வேண்டுமானால் அக்காலத்து உதிரிப்பாகமே வேண்டும் என்று வாசிப்போர் பலர் நம்புகிறார்கள். அதனால் மூடிய ரேடியோ கடைகளின் அலமாரியில் விற்காமல் கிடந்த சரக்குக்கும் மதிப்பு வந்துவிட்டது. 'நியூ ஓல்ட் ஸ்டாக்' என்று இதற்குப் பெயர். பயன்படுத்தாதது என்றுதான் இதற்குப் பொருள். மூப்படையாதது என்று பொருளல்ல. வாங்குவோர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

கண்டன்சர் இப்பெட்டியில் முக்கியமாக இரண்டு வேலை செய்கிறது. முதலாவது, மின்சாரத்தைச் சீராக்குவது. இதற்குரியது எலக்ட்ரோலிட்டிக் வகை. உள்ளே அலுமினியத் தகடும், இரசாயனத்தில் நனைத்த காகிதமும் சுருட்டப்பட்டிருக்கும். தகட்டின்மேல் உள்ள மெல்லிய ஆக்ஸைடு படலமே காப்பு. வருடக்கணக்கில் மின்சாரம் படாமல் கிடந்தால் படலம் நலிந்துவிடும், ஈரமும் உலர்ந்துவிடும். வோல்டேஜை மணிக்கணக்கில் சிறுகச் சிறுக ஏற்றினால் படலம் ஓரளவு மீளும். உலர்ந்த ஈரம் மீளாது. கெட்டதை மாட்டினால் முதலில் 'ம்ம்' என்ற இரைச்சல் கேட்கும். பிறகு சூடாகி வெடிக்கவும் கூடும். எத்தனை அழகான பழைய டப்பாவாக இருந்தாலும் இவ்வகையில் புதிதையே வாங்க வேண்டும் என்பது நம் முடிவு.

இரண்டாவது வேலை நுட்பமானது. ஒரு வால்வின் பிளேட்டில் 150, 200 வோல்ட் நேர்மின்சாரம் நிற்கும். இசை மட்டும் அடுத்த வால்வுக்குப் போக வேண்டும், இந்த வோல்டேஜ் போகக்கூடாது. 0.02 அல்லது 0.1 மைக்ரோபாரட் அளவுள்ள சிறு கண்டன்சர் இடையில் வாயிற்காவலனாக நிற்கிறது. 1950-களில் இது பெரும்பாலும் காகிதத்தால் ஆனது. காகிதம் ஈரத்தை இழுக்கும். மேலுறை விரிசல் விட்டால் சொல்லவே வேண்டாம். கறுப்பு உடலில் வண்ணக் கோடுகள் போட்ட 'பம்பிள் பீ' கண்டன்சர்களில் இந்த விரிசல் மிகச் சாதாரணம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கசிவு வெறும் 50 மைக்ரோ ஆம்பியர் என்று கொள்வோம். அடுத்த வால்வின் கிரிட்டில் 2,20,000 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. பெருக்கினால் 11 வோல்ட். கிரிட்டில் மைனஸ் 45 இருக்க வேண்டிய இடத்தில் மைனஸ் 34 தான் இருக்கும். கடிவாளம் தளர்ந்த குதிரைபோல வால்வு மிகுதியான மின்சாரத்தை இழுக்கும், பிளேட் சிவக்கும், கடைசியில் அவுட்புட் டிரான்ஸ்பார்மரே கருகலாம். ஒரு பழைய பெட்டியின் மதிப்பில் அந்தப் பழைய டிரான்ஸ்பார்மருக்கும் பங்கு உண்டு. கைக்கடக்கமான ஒரு கண்டன்சரால் வரும் நட்டம் இது.

ஆனால் அதே பம்பிள் பீயைக் கித்தாருக்குள் டோன் திருகில் வைத்தால் தீங்கில்லை. சாதாரணக் கித்தாருக்குள் உயர் வோல்டேஜ் கிடையாது. சிறு கசிவு யாரையும் சுடாது. கித்தாருக்கு ஏற்ற சரக்கு ஆம்ப்ளிபயருக்கு ஆகாது என்பதை விற்பவர் சொல்ல வேண்டும், பலர் சொல்வதில்லை.

பழையதெல்லாம் கழிவு என்பதும் தவறு. 1960-களில் மார்ஷல் பெட்டிகளில் போட்ட கடுகு மஞ்சள் நிறக் கண்டன்சர்கள் பாலியெஸ்டர் படலத்தால் ஆனவை. இன்றும் பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்கின்றன. மைக்கா வகையும் நெடுநாள் உழைக்கும். இவற்றைப் பழைய அரிசிக் கணக்கில் வைக்கலாம்.

சோதனையிலும் ஒரு சூது உண்டு. சிறு பேட்டரியில் ஓடும் மீட்டர் 'அளவு சரி' என்றே காட்டும். கசிவோ நூற்றுக்கணக்கான வோல்ட் ஏறினால்தான் தெரியும். அந்த வோல்டேஜில் சோதித்தீர்களா என்று கேளுங்கள்; விற்பவர் விழித்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், அல்லது நகர்ந்துவிடலாம். மேலுறை பழைய கோலத்திலும் உள்ளே புதுக் கண்டன்சருமாக வருவனவும் சந்தையில் உண்டு. அதனால் பெட்டிக்குக் கேடில்லை, பழையதின் விலையைக் கொடுத்தவருக்குத்தான் கேடு. எண்ணெய் நிரப்பிய மிகப் பழையவற்றைப் பிரித்துப் பார்க்கக்கூடாது. சிலவற்றில் பிசிபி என்னும் நச்சு எண்ணெய் இருக்கும்; அமெரிக்கா 1979-இல் அதன் உற்பத்தியைத் தடை செய்தது.

இத்தகைய சரக்கைக் கைமாற்றும் நிலை நம்மவர் யாருக்காவது வந்தால், பில்லில் வகை, தயாரித்த ஆண்டு, எத்தனை வோல்ட்டில் சோதித்தது என்ற மூன்றையும் எழுதிக் கொடுக்கலாம். சோதிக்காததைச் 'சோதிக்கவில்லை' என்றே எழுதலாம். இன்னொன்று: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெட்டிக்குள் இருக்கும் பெரிய கண்டன்சர்கள் நூற்றுக்கணக்கான வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். மெக்கானிக் அதை ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் பார்த்து உறுதி செய்யும்வரை உள்ளே கை வைக்கக்கூடாது.