அப்டேட் போட்டதும் போன் ஆன் ஆகலையா?

ராத்திரி அப்டேட் போட்ட ஆண்ட்ராய்டு போன், காலையில் கம்பெனி லோகோவிலேயே நிற்கிறது. ஆதார், பேங்க் ஓடிபி எல்லாம் அந்த நம்பருக்குத்தானே வரும்? முதலில் சிம்மைக் கழற்றி வீட்டிலுள்ள வேறு போனில் போடுங்க, ஓடிபி வந்துவிடும். அதை வைத்து டிஜிலாக்கரிலும் நுழையலாம்.

அடுத்து, நின்றுபோன போனை அரை மணி நேரம் சார்ஜ் போடுங்க. பிறகு பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்க. சில மாடல்களில் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து அழுத்தணும். 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், பல போன்களில் சிஸ்டத்துக்கு இரண்டு பிரதிகள் உண்டு. புதியது ஓடாவிட்டால், சில முயற்சிகளுக்குப் பின் போன் தானாகவே பழையதுக்குத் திரும்பிவிடும். அதனால் ஒரே தடவையில் விட்டுவிடாதீங்க.

அப்படியும் வரலைன்னா ரிக்கவரி மெனு இருக்கிறது. அதற்குள் போகும் வழி மாடலுக்கு மாடல் மாறும். அங்கே 'வைப் கேஷ் பார்ட்டிஷன்' இருந்தால் தேர்ந்தெடுக்கலாம், படங்கள் அழியாது. பக்கத்திலேயே இருக்கும் 'வைப் டேட்டா'வைத் தொடாதீங்க. "ரீசெட் அடிச்சா சரியாகிடும்" என்பார் கடைக்காரர். சரியாகலாம்தான், ஆனால் பேக்கப் எடுக்காத போட்டோ, வாட்ஸ்அப் எல்லாம் போய்விடும். டேட்டா அழியாமல் சாஃப்ட்வேரை மறுபடி ஏற்ற முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனைக் கொடுங்க.